புத்தகத்துக்கு விலாசம் தந்தவர்

குழந்தைகளே! புதுக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? குடைவரைக் கோயில் இருக்கிற திருக்கோகர்ணத்தில் இன்னொரு கோயிலும் இருக்கிறது. அது புத்தகக் கோயில். 'ஞானாலயா' என்று பெயர். ஆசிரியராக வேலை பார்த்த பா. கிருஷ்ணமூர்த்தியும், பேராசிரியராக இருந்த அவர் மனைவி டோரதியும் தங்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த நூலகம் அது. புத்தகங்களின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சம்!

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? அந்த ஒரு லட்சம் புத்தகங்களுக்கு நடுவே உங்களுக்கு வேண்டிய ஒரு புத்தகம் எங்கேயோ இருக்கிறது. எந்த இடம் என்று தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறீர்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிடம். சாப்பிடாமல், தூங்காமல், இரவு பகலாகத் தேடினாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 69 நாட்கள் ஆகும்!

நல்ல புத்தகம்தான், விலை உயர்ந்த புத்தகம்தான், ஆனால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றால்? அது இல்லாத புத்தகம் மாதிரிதான். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத கடிதத்தைத் தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்?

புத்தகங்களுக்கு விலாசம் கொடுப்பதற்கென்றே தன் வாழ்நாளில் சுமார் ஐம்பது வருடங்களைச் செலவிட்டவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தார். அவர்தான் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். சுருக்கமாக எஸ்.ஆர். ரங்கநாதன். 'இந்திய நூலக இயலின் தந்தை' என்று அவரைச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு நூலக வேலை முதலில் கொஞ்சமும் பிடிக்கவில்லை!

கணக்கு வாத்தியார்

ரங்கநாதன் பிறந்தது 1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. ஆறு வயது நிரம்பும் முன்பே அப்பா ராமாமிர்த ஐயர் இறந்துவிட்டார். உறவினர்களின் ஆதரவில் வளர்ந்து, சீர்காழியிலேயே பள்ளிப் படிப்பை முடித்தார்.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே அவருக்கு வாய்த்த கணித ஆசிரியர் எட்வர்டு ராஸ். மாணவன் மேல் உயிரையே வைத்திருந்த வாத்தியார். இந்த ராஸ் நம் கதையில் இன்னொரு முறை வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1916-இல் ரங்கநாதன் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். அவருக்கு ஒரு குறை இருந்தது. பேசும்போது திக்கும். திக்குவாய் உள்ளவர் வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியுமா? விடாமுயற்சியால் அதை அடக்கிக் கொண்டு, மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று வரிசையாகக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். கரும்பலகையும் சாக்பீஸும் மாணவர்களும்தான் அவருடைய உலகம். வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்துவிடத்தான் ஆசைப்பட்டார்.

பிடிக்காத வேலை

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று அறிவித்தது. சுமார் 900 பேர் விண்ணப்பம் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட நூலகத்துறையில் முறையாகப் பயிற்சி பெற்றவர் இல்லை! ஏனென்றால், அப்படி ஒரு படிப்பு இருப்பதே இங்கே அப்போது பெரும்பாலோருக்குத் தெரியாது.

நண்பர்கள் வற்புறுத்தியதால் ரங்கநாதனும் விண்ணப்பித்தார். அவருக்கு நூலகத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன்பு கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, 'நூலகம்' என்ற தலைப்பில் இருந்த கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படக் கூடாது! அவருக்கே ஆச்சரியமாக, வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

சில வாரங்களிலேயே வெறுத்துப் போயிற்று. வகுப்பறையில் எப்போதும் மாணவர்கள் சூழ இருந்தவருக்கு, ஆள் அரவம் இல்லாத அந்த இடம் சிறைபோல இருந்தது. புத்தகங்கள் இருந்தன. வாசகர்கள்தான் வரவில்லை. பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று மேலதிகாரிகளிடம் போய் நின்றார்.

அவர்கள் ஒரு சமாதானம் செய்தார்கள். இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வரட்டும். திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித ஆசிரியர் வேலை அவருக்காகக் காத்திருக்கும். ரங்கநாதன் ஒப்புக்கொண்டு கப்பல் ஏறினார்.

பொம்மைக் கடையில் கிடைத்த விடை

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர். ரங்கநாதன் படிப்போடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார்.

பார்க்கப் பார்க்க அவர் கண்கள் விரிந்தன. சாதாரணத் தொழிலாளிகள் நூலகத்துக்கு வந்தார்கள். குழந்தைகளுக்குத் தனி இடம் இருந்தது. வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தார்கள். நம் ஊரிலோ அப்போது புத்தகம் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் இருக்கும்போது நீங்கள் போக வேண்டும்!

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊர் நூலகங்களும் அவருக்குத் திருப்தி தரவில்லை. அது புத்தகங்களை வகைப்படுத்தும் முறை. அமெரிக்காவைச் சேர்ந்த மெல்வில் டூயி 1876-இல் ஒரு முறையைக் கொண்டு வந்திருந்தார். உலக அறிவு முழுவதையும் பத்துப் பெரிய பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்துப் பத்தாகப் பிரித்து, எண் கொடுக்கும் முறை அது. பெரும் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் பெட்டிகளை முதலிலேயே செய்து வைத்துவிட்டு, புத்தகங்களை அதற்குள் போடச் சொல்வது போன்றது அது. யாரும் எதிர்பார்க்காத ஒரு புதுப் பொருளில் புத்தகம் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது? கணக்கு வாத்தியாருக்கு இது இடித்தது.

ஒருநாள் லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடைக்குள் நுழைந்தார். அங்கே 'மெக்கானோ' என்ற விளையாட்டுப் பொருளை ஒருவர் செய்து காட்டிக் கொண்டிருந்தார். துளையிட்ட தகடுகள், சக்கரங்கள், கம்பிகள், திருகாணிகள். அவ்வளவுதான். அவற்றை ஒரு விதமாக முடுக்கினால் வண்டி. கழற்றி வேறு விதமாக முடுக்கினால் பாலம். இன்னொரு விதமாகச் சேர்த்தால் பாரம் தூக்கும் கிரேன்!

ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டிய துண்டுகளை மட்டும் சேர்த்து ஓர் எண்ணை உருவாக்கினால் என்ன? துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்கும் முக்காற்புள்ளியை. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கோலன்'. அதனால் அந்த முறைக்கு 'கோலன் பகுப்பு முறை' என்று பெயர் வந்தது.

புதுக்கோட்டை உதாரணத்தாலேயே இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த மாவட்டத்தில் ஆதனக்கோட்டை முந்திரிப் பருப்புக்குப் பேர் போனது. புதுக்கோட்டை மாவட்டத்தில் முந்திரி மரத்துக்கு வரும் நோயைத் தடுப்பது எப்படி என்று ஒரு புத்தகம் இருக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். துறை, வேளாண்மை. அதில் எது? முந்திரி. அதற்கு என்ன? நோய். என்ன செய்வது? தடுப்பது. எந்த இடம்? புதுக்கோட்டை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்னக் குறி. எல்லாவற்றையும் கோத்தால் அந்தப் புத்தகத்தின் விலாசம் தயார்! நாளைக்கு இதே நோயைப் பற்றிக் கேரளத்தை வைத்து இன்னொரு புத்தகம் வந்தால், இடத்துக்கான குறியை மட்டும் மாற்றினால் போதும். புதுப் பெட்டி செய்ய வேண்டியதே இல்லை.

1925-இல் ஊருக்குத் திரும்பும்போது கப்பலிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். கப்பலில் ஒரு சின்ன நூலகம் இருந்தது. அதன் புத்தகங்களை எல்லாம் தன் புது முறைப்படி மாற்றி அடுக்கிப் பார்த்தார்! கணித ஆசிரியர் வேலை காத்திருந்ததா என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

பூட்டைத் திறந்தவர்

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் தலைகீழாக மாறியது. வாசகர்கள் நேராக அலமாரிக்குப் போகலாம் என்று ரங்கநாதன் அனுமதித்தார். புத்தகம் திருடு போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். யாரும் தொடாத புத்தகம் பத்திரமாக இருந்து என்ன பயன் என்பது அவர் கட்சி. நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். தினமும் 13 மணி நேரம் வேலை. வாரத்தில் ஏழு நாளும் வேலை. சென்னையில் இருந்த இருபது ஆண்டுகளும் விடுமுறையே எடுக்கவில்லை என்கிறார்கள். தன் கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்த கையோடு, பிற்பகலில் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாராம்! இதை மட்டும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம் என்றே தோன்றுகிறது. வீட்டில் காத்திருந்த மணப்பெண் சாரதா என்ன நினைத்திருப்பார்?

நூலகத்தில் செய்கிற நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேலைகளுக்கு எல்லாம் அடிப்படையாகச் சில விதிகள் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கணக்கில் இருப்பது போல, நியூட்டனின் விதிகள் போல. ஆனால் அவை பிடிபடவில்லை. 1928-இல் ஒருநாள், தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வந்தார் பழைய வாத்தியார் ராஸ். மாணவர் தன் குழப்பத்தைக் கொட்டினார். புத்தகம் பயன்படுத்துவதற்குத்தானே என்கிற பொருளில் ராஸ் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். முதல் விதி கிடைத்துவிட்டது! மீதி நான்கும் மளமளவென்று வந்தன. 1931-இல் அவை 'நூலக இயலின் ஐந்து விதிகள்' என்ற ஆங்கிலப் புத்தகமாக வெளியாயின. இன்றும் உலகம் முழுக்க நூலகம் பற்றிப் படிப்பவர்கள் அதைப் படிக்காமல் தாண்டுவதில்லை.

அந்த விதிகள் என்ன? புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது முதலாவது. யாராக இருந்தாலும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதைத் தேடுகிற ஒருவர் எங்கோ இருக்கிறார், இருவரையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. நூலகம் செடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இடம் விட்டுத் திட்டமிட வேண்டும் என்பது ஐந்தாவது.

1933-இல் கோலன் பகுப்பு முறை அச்சில் வந்தது. அடுத்த வருடமே நூற்பட்டியல் எழுதுவதற்கான விதிகளையும் தனிப் புத்தகமாகக் கொண்டு வந்தார்.

நூற்பட்டியல் என்றால் என்ன? பழைய நூலகங்களில் சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அதில் தடித்த அட்டைகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை போதாது. ஆசிரியர் பெயரைத் தெரிந்துகொண்டு வருபவருக்கு ஓர் அட்டை. புத்தகப் பெயரை மட்டும் தெரிந்தவருக்கு ஓர் அட்டை. இரண்டும் தெரியாமல், தேனீ பற்றி ஏதாவது வேண்டும் என்று வருபவருக்கு இன்னோர் அட்டை. இத்தனையும் பிழை இல்லாமல் எழுதி, சரியான இடத்தில் செருக வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினால் ஒரு புத்தகம் காணாமல் போகும்.

இதில் பெயர்ச் சிக்கல் வேறு! வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கடைசியில் வரும். அதை வைத்து அகர வரிசையில் அடுக்கிவிடுவார்கள். நமக்கோ முன்னால் ஊர், அப்பா பெயர்களின் முதலெழுத்து, கடைசியில்தான் சொந்தப் பெயர். மு. வரதராசனை 'மு'வில் தேடுவதா, 'வ'வில் தேடுவதா? தென்னிந்தியப் பெயர்களில் சொந்தப் பெயரை முன்னால் எழுதி, முதலெழுத்துகளைப் பின்னால் எழுத வேண்டும் என்று ரங்கநாதன் வகுத்தார். அந்த விதிப்படி அவரே 'எ'வில் இல்லை, 'ர'வில் இருப்பார்!

கிராமத்துக்கும் போக வேண்டும்

பட்டணத்தில் ஒரு நல்ல நூலகம் இருந்தால் போதுமா? 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஆரம்பமானது. 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை ஒரு காரியம் செய்தார். ரங்கநாதனின் இயக்கத்தால் தூண்டப்பட்ட அவர், மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சலங்கை கட்டிய மாடு இழுத்துவரும் நூலகம்!

வண்டி நல்லதுதான். ஆனால் அந்த நல்ல மனிதருக்குப் பிறகு? நூலகம் யாருடைய தயவையும் நம்பி இருக்கக் கூடாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் பல ஆண்டுகள் மன்றாடினார். மசோதாக்களை அவரே எழுதினார். கடைசியில், கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1948-இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது. வீட்டு வரியோடு ஒரு சின்னப் பங்கு நூலகத்துக்கும் வசூலாகும் ஏற்பாடு அதில்தான் வந்தது. அதே 1948 மார்ச்சில்தான் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் நம் மாகாணத்தோடு இணைந்தது. இணைந்ததால் அந்தச் சட்டம் புதுக்கோட்டைக்கும் உரியதானது. முதலில் திருச்சி மாவட்டத்தில் இருந்து, 1974-இல் அது தனி மாவட்டமாயிற்று.

சட்டம் வந்தபோது ரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-இல் பல்கலைக்கழக வேலையை விட்டு, காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே இருந்த சுமார் ஒரு லட்சம் நூல்களைத் தானே உட்கார்ந்து பகுத்து முடித்தார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம். அப்புறம் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரம். 1957-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சேமித்து வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயை, நூலக இயல் பேராசிரியர் ஒருவரை நியமிப்பதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். அன்றைக்கு அது பெரும் பணம். அந்தப் பதவிக்கு யார் பெயர் தெரியுமா? மனைவி சாரதாவின் பெயர். கல்யாணத்தன்று நூலகத்துக்கு ஓடியவர், கணக்கைத் தீர்த்துவிட்டார் போலும்!

1962-இல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி மையம் தொடங்கினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12-ஆம் தேதியை அவர் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அட்டைப் பெட்டி கணினிக்குள் போன கதை

உண்மையைச் சொன்னால், கோலன் முறையை இன்று பின்பற்றும் நூலகங்கள் குறைவு. டூயியின் முறைதான் உலகில் அதிகம். ஆனால் ரங்கநாதனின் யோசனை வேறு இடத்தில் உயிரோடு இருக்கிறது. அம்மா கைப்பேசியில் துணி வாங்கும்போது கவனித்திருக்கிறீர்களா? சட்டை, நீல நிறம், இன்ன அளவு, இவ்வளவு விலைக்குள் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிறார் அல்லவா? பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியதைச் சேர்ப்பது. மெக்கானோ கடையில் அவருக்குத் தோன்றிய அதே சங்கதி!

மர இழுப்பறைகளும் போய்விட்டன. இந்தக் கதைக்கு நாம் நியூசிலாந்து போக வேண்டும். அங்கே ஹோரோஃபெனுவா என்ற சிறு பகுதியின் நூலகங்களில் பழைய கணினி நிரல் ஒன்று இருந்தது. 1999 முடிந்து 2000 பிறந்தால் அது வருடத்தைச் சரியாகப் படிக்காது என்று தெரிய வந்தது. புதிதாக வாங்கப் பணம் நிறைய வேண்டும். கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்தைக் கூப்பிட்டுப் புதிய மென்பொருள் ஒன்றை எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. செலவழித்துச் செய்ததை விற்காமல், உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்! அதன் பெயர் 'கோஹா'. மாவோரி மக்களின் மொழியில் அன்பளிப்பு என்று பொருள். நம் ஊர் மொய் மாதிரி, வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டிய அன்பளிப்பு. அதன்படியே பல நாட்டினர் அதைத் திருத்தி, மெருகேற்றி, மறுபடி எல்லாருக்கும் கொடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் பல கல்லூரி நூலகங்களில் கோஹாதான் ஓடுகிறது.

லினக்ஸ் போட்ட ஒரு கணினி போதும். அதில் கோஹாவை நிறுவிவிட்டால், அதோடு இணைத்த மற்றக் கணினிகளிலிருந்தும் பட்டியலைப் பார்க்கலாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்ட கட்டங்கள் வரும். ஆசிரியர் பெயர் 100-ஆம் கட்டத்தில். புத்தகப் பெயர் 245-ஆம் கட்டத்தில். இந்த எண்கள் உலகின் பல நூலகங்களில் ஒன்றேதான். ஒருமுறை எழுதினால் போதும், ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று எப்படித் தேடினாலும் அதே புத்தகம் வந்து நிற்கும். மூன்று அட்டை எழுதும் வேலை மிச்சம்! யார் எடுத்துப் போனார், என்று திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க எண்ணைத் தட்டினால், வேறு நூலகம் எழுதி வைத்த விவரத்தை அப்படியே இறக்கிக்கொள்ளவும் முடியும். தமிழ்ப் புத்தகங்களுக்கு இது அவ்வளவாக உதவாது. பழைய நூல்களில் அந்த எண்ணே இருக்காது. வெளிநாட்டு நூலகங்களின் விவரமோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். நாமேதான் தமிழில் தட்டெழுத வேண்டும்.

உங்கள் பள்ளியில் ஒரே ஒரு பீரோ, முந்நூறு புத்தகங்கள்தான் என்றால் கோஹாகூட உடனே வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் கட்டம் போட்டு, வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பொருள், எந்தத் தட்டு என்று எழுதினாலே நல்ல தொடக்கம்தான். நூலகம் வளரும்போது அந்தப் பட்டியலைக் கோஹாவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருள் சும்மா கிடைக்கும். கவனம் சும்மா கிடைக்காது. 'பழம்' என்பதைப் 'பலம்' என்று தட்டிவிட்டால், பழத்தைத் தேடுகிறவருக்கு அந்தப் புத்தகம் அகப்படாது. அட்டையை இடம் மாற்றிச் செருகியது போலத்தான். எழுத்தாளர்கள் வேறு, புனைபெயர் வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்வார்கள்! புதுமைப்பித்தன் என்பவர் சொ. விருத்தாசலம். கல்கி என்பவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெருங்களூரில் 1922-இல் பிறந்து, 'சித்திரப்பாவை' நாவலுக்காக 1975-ஆம் ஆண்டின் ஞானபீட விருதை வென்ற அகிலனின் இயற்பெயர் அகிலாண்டம். ஒருவருக்கு உள்ள பல பெயர்களை ஒன்றாக முடிச்சுப் போட்டு வைக்கக் கோஹாவில் தனியே ஓர் இடம் உண்டு. யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்த முடிச்சைப் போட்டு வைத்திருந்தால், அகிலன் என்று தேடினாலும் அகிலாண்டம் என்று தேடினாலும் பெருங்களூர்க்காரரின் புத்தகங்கள் அத்தனையும் திரையில் வரிசையாக வந்து நிற்கும்.